குதிரைவீரனும் குமாஸ்தாவும்

தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதையில் பகாங் மாநிலத்து மலைநாட்டுக்குள் நுழைவோர், ரிங்லெட் ஊரைக் கடந்ததும் தேயிலைச் சரிவுகளைக் காண்பர். மலையின் மடிப்புகள்தோறும் பச்சைக் கம்பளம் விரித்தாற் போன்ற அக்காட்சி கண்ணைக் கவர்வது. இயற்கையே அவ்வாறு அமைத்துவிட்டதோ என்று மயங்கச் செய்வது. ஆயினும் அஃது இயற்கை அமைத்ததன்று. ஒவ்வொரு வரிசையும் மனிதர் கை வெட்டிய குழியில் நட்டது.

அம்மலைக்குக் கேமரன் மலை என்று பெயர். 1885ஆம் ஆண்டில் நில அளவைக்காக அங்குச் சென்ற வில்லியம் கேமரன் என்ற ஆங்கிலேய அதிகாரியின் பெயர் அது. அவருடன் சென்ற குலோப் ரியாவ் என்பவரின் பெயரை ஆராய்ச்சியாளர் சிலரே அறிவர். 1929ஆம் ஆண்டில் ஜான் ஆர்ச்சிபால்டு ரஸ்ஸல் என்பார், இலங்கையில் தேயிலைத் தொழில் பழகிய மில்ன் என்பவரின் துணையோடு ‘போ’ தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்துச் சரிவைத் திருத்திக் கொழுந்து கிள்ளியவர்களுள் பெரும்பாலோர் தமிழர். மலைக்கு ஒருவர் பெயர் உண்டு. தோட்டத்தின் வரலாற்றுக்கு வேறொருவர் பெயர் உண்டு. குழி வெட்டியவர் பெயர் வரைபடத்தில் இல்லை.

ஓர் ஊரை உண்டாக்கியவர் யார்? அதை நினைத்தவரா, அதற்காக உழைத்தவரா? அதன் பெருமை யாருக்கு உரியது? அதன் துன்பம் யார் தலையில் விழுகிறது? இவ்வினாக்களை எழுப்பிய கவிதை ஒன்று ருஷ்ய மொழியில் உண்டு. அக்கவிதைக்கு ஓவியர் ஒருவர் இருபது ஆண்டுக் காலம் திரும்பத் திரும்பப் படம் எழுதினார். கவிதை, அலெக்சாந்தர் புஷ்கின் 1833ஆம் ஆண்டில் இயற்றிய ‘வெண்கலக் குதிரைவீரன்’. ஓவியர், அலெக்சாந்தர் பெனுவா. கவிதைக்குப் படம் எழுதுவது என்றால் என்ன என்பதைத் தெளிவாகக் காட்டும் வரலாறு அவர்களுடையது.

சதுப்பில் எழுந்த நகரம்

நேவா ஆறு பால்டிக் கடலோடு கலக்கும் சதுப்பு நிலத்தில், 1703ஆம் ஆண்டில், ருஷ்யப் பேரரசன் முதலாம் பீட்டர் ஒரு நகரத்துக்கு அடிகோலினான். மேனாட்டை நோக்கித் திறக்கும் வாயிலாக அது விளங்க வேண்டும் என்பது அவன் எண்ணம். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பல்லாயிரம் குடியானவர்கள் கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்டனர். குளிரிலும் ஈரத்திலும் நோயிலும் மடிந்தோர் மிகப் பலர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரம் இவ்வாறு எழுந்தது.

அந்நகரின் பெரிய சதுக்கத்தில் பீட்டருக்கு ஒரு சிலை வைக்க இரண்டாம் காதரீன் அரசி விரும்பினாள். பிரெஞ்சுச் சிற்பி பால்கொனே அதனை வார்த்தளித்தார். பீட்டரின் தலையை வடித்தவர் அவர் மாணவியாகிய மரி ஆன் கொலோ என்ற பெண்மணி. ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட எடையுள்ள ஒரே பாறையைப் பல கல் தொலைவு இழுத்து வந்து பீடமாக்கினர். 1782ஆம் ஆண்டில் சிலை திறக்கப்பட்டது. முன்னங்கால்களைத் தூக்கிய குதிரை, அதன் மேல் ஒரு கையை நீட்டி அமர்ந்த அரசன். அரசின் ஆற்றலுக்கு அதைவிடச் சிறந்த வடிவம் காண்பது அரிது.

ஆனால் ஆறு அரசனுக்குக் கட்டுப்படவில்லை. கடற்காற்று மேற்கிலிருந்து வீசும்போதெல்லாம் நேவா பின்னோக்கிப் பெருகி நகரை மூழ்கடித்தது. பழைய ருஷ்ய நாட்காட்டிப்படி 1824 நவம்பர் 7ஆம் நாள் வந்த வெள்ளம் எல்லாவற்றிலும் பெரியது. நீர் வழக்கமான மட்டத்துக்கு மேல் நான்கு மீட்டருக்கும் மிகுதியாக உயர்ந்தது. பலநூறு வீடுகள் அழிந்தன. கடலோரத் தீவுகளில் மரக்குடில்களில் வாழ்ந்த ஏழைகளே பெரிதும் மாண்டனர்.

அரசன் தடுத்த கவிதை

அவ்வெள்ளத்தைப் புஷ்கின் கண்ணால் கண்டவர் அல்லர். அப்போது அவர் மிகாய்லொவ்ஸ்கொயே என்ற சிற்றூரில், அரசின் ஆணையால் ஒதுக்கப்பட்டு வாழ்ந்தார். பிறர் எழுதிய குறிப்புகளைப் படித்து, ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்னர், போல்தினோ என்ற ஊரில் இலையுதிர் காலத்தில் இக்கவிதையை எழுதினார். ஐந்நூறு அடிகளுக்கும் குறைவான சிறு காவியம் அது.

கவிதையின் தோற்றுவாயில் பீட்டர் நேவாக் கரையில் நின்று எண்ணமிடுகிறான். நூறாண்டு கழிகிறது, நகரம் அழகின் உச்சியில் திகழ்கிறது. கவிஞர் அதனை மனமாரப் போற்றுகிறார். பின்னர்க் கதை தொடங்குகிறது. யெவ்கேனி என்பவன் ஓர் ஏழைக் குமாஸ்தா. அவனது குடிப்பெயர் எதற்கு என்று கவிஞர் விட்டுவிடுகிறார். ஒரு காலத்தில் அது புகழ் பெற்றிருக்கலாம், இப்போது மறக்கப்பட்டுவிட்டது. கடலோரத் தீவில் தாயுடன் வாழும் பராஷா என்ற பெண்ணை மணந்து, சிறிய இல்லறம் நடத்த வேண்டும் என்பதே அவன் கனவு. வெள்ளம் வருகிறது. சதுக்கத்தில் ஒரு மாளிகை வாயிலில் இருந்த சலவைக்கல் சிங்கத்தின் மீது ஏறி அமர்ந்து அவன் உயிர் பிழைக்கிறான். அவன் கண்கள் பராஷாவின் குடிலிருக்கும் திசையிலேயே பதிந்துள்ளன. அவனுக்கு எதிரே, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெண்கல அரசன் நீரின் மேல் கை நீட்டி நிற்கிறான்.

வெள்ளம் வடிந்தபின் யெவ்கேனி ஓடத்தில் சென்று பார்க்கிறான். குடில் இல்லை, தாயும் மகளும் இல்லை. அவன் அறிவு பேதலிக்கிறது. ஓராண்டுக் காலம் தெருவில் திரிகிறான். ஓர் இரவு மீண்டும் சிலையின் முன் வந்து நிற்கும்போது நினைவு தெளிகிறது. இந்த இடத்தில் நகரம் அமைய வேண்டும் என்று விரும்பியவன் இவன்தானே என்று உணர்கிறான். பல்லைக் கடித்து, விரலை மடக்கி, மெல்லிய குரலில் சிலையை அச்சுறுத்துகிறான். உடனே சிலையின் முகம் தன் பக்கம் திரும்புவதாக அவனுக்குத் தோன்றுகிறது. அவன் ஓடுகிறான். இரவு முழுவதும் குளம்போசை அவனைத் துரத்துகிறது. அதன்பின் அச்சதுக்கத்தைக் கடக்கும்போதெல்லாம் அவன் நெஞ்சில் கைவைத்து, கிழிந்த தொப்பியைக் கழற்றி, நிமிர்ந்து பாராமல் ஒதுங்கிப் போவான். முடிவில் ஒரு சிறு தீவில், வெள்ளம் கொண்டுபோய்ச் சேர்த்த பாழ்வீட்டின் வாயிலில், அவன் உடல் கிடந்தது.

அக்காலத்தில் புஷ்கினின் எழுத்துக்களைத் தணிக்கை செய்தவன் பேரரசன் முதலாம் நிக்கலாயே. 1833ஆம் ஆண்டு திசம்பரில் கையெழுத்துப் படி அரசனின் குறிகளோடு திரும்பி வந்தது. பீட்டரின் சிலையை விக்கிரகம் என்று குறித்த சொல்லும் அரசனுக்கு உடன்பாடாகவில்லை. கவிஞர் திருத்த முயன்று, பின் கைவிட்டார். தோற்றுவாய் மட்டும் 1834ஆம் ஆண்டில் இதழொன்றில் வந்தது. 1837ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் புஷ்கின் இருவர் போரில் சுடப்பட்டு இறந்த பிறகே, நண்பர் ஷுக்கோவ்ஸ்கி செய்த மாற்றங்களுடன் முழுக் கவிதையும் வெளிவந்தது. ஓர் ஏழை, சிலையைப் பார்த்து முணுமுணுத்த சில சொற்களைக்கூட அரசு அஞ்சியது.

கவிஞர் கேட்ட படமும் பெற்ற படமும்

கவிதைக்குப் படம் எழுதுவதில் உள்ள இடர்ப்பாட்டைப் புஷ்கினே பட்டறிந்தவர். அவர் தம் கையெழுத்துப் படிகளின் ஓரங்களில் முகங்களும் குதிரைகளும் வரைந்து நிரப்பும் வழக்கமுடையவர். 1824 நவம்பரில், பெருவெள்ளம் வந்த அந்த மாதத்திலேயே, தம் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் ஒரு சிறு படம் வரைந்து அனுப்பினார். ‘யெவ்கேனி ஒநேகின்’ காவியத்துக்கு அத்தகைய படம் வேண்டும் என்பது அவர் விருப்பம். நேவாக் கரைச் சுவரில் சாய்ந்து, காண்போருக்கு முதுகைக் காட்டி, கவிஞர் நிற்கிறார். அருகில் அவர் படைத்த ஒநேகின் நிற்கிறான்.

1829ஆம் ஆண்டுக்குரிய ஒரு மலரில் நோத்பெக் என்னும் ஓவியர் எழுதிய படங்கள் வெளிவந்தபோது, கவிஞர் முகம் காட்டி நேரே திரும்பி நின்றார்! ஆற்றையும் நகரையும் பார்த்து நின்றவனைப் படம் பார்ப்போருக்காகத் திருப்பிவிட்டார் ஓவியர். புஷ்கின் சினம் கொள்ளாமல், அப்படங்களை எள்ளிச் சில வேடிக்கைப் பாடல்கள் எழுதினார். சிறிய செய்திதான், எனினும் இதில் ஓர் உண்மை அடங்கியுள்ளது. கவிதையில் ஒருவன் எத்திசை நோக்கி நிற்கிறான் என்பதும் பொருளுடையது. அத்திசையை மாற்றும் ஓவியன் பொருளையே மாற்றிவிடுகிறான்.

வந்தேறிய குடியின் மூன்றாம் தலைமுறை

பெனுவாவின் குடும்பம் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் ருஷ்யாவுக்கு வந்து குடியேறியது. அவர் தந்தை நிக்கலாய் பெனுவா கட்டடக் கலைஞர். தாய்வழிப் பாட்டனார் அல்பெர்த்தோ காவோஸ் இத்தாலிய மரபினர், புகழ்பெற்ற நாடக அரங்குகளை அமைத்தவர். 1870ஆம் ஆண்டில் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்த அலெக்சாந்தர் பெனுவா அந்நகரின் ஒவ்வொரு தூணையும் மதகையும் பெயர் சொல்லி அறிந்தவர். பாட்டன் வந்தேறிய மண்ணைப் பேரன் தன் மண்ணாகக் கொண்டு நேசிப்பது எத்தகையது என்பதை மலையகத் தமிழருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

அவர் காலத்தில் கற்றோர் பலர் பீட்டர்ஸ்பர்க்கை உயிரற்ற, அலுவலகங்கள் நிறைந்த நகரம் என்று இகழ்ந்தனர். பெனுவா 1902ஆம் ஆண்டில் அதன் அழகைப் போற்றிக் கட்டுரை எழுதி அக்கருத்தை மறுத்தார். அக்கட்டுரை வந்த இதழின் பெயர் ‘கலை உலகம்’. தியாகிலெவ், பாக்ஸ்து முதலிய நண்பர்களோடு அவர் நடத்திய கலை இயக்கத்தின் பெயரும் அதுவே. நூலின் எழுத்து, தாள், ஓரம், படம் எல்லாம் ஒன்றோடொன்று இயைந்து ஒரே கலைப்பொருளாக வேண்டும் என்பது அவ்வியக்கத்தாரின் கொள்கைகளுள் ஒன்று.

1903ஆம் ஆண்டில் நகரின் இருநூறாவது ஆண்டு வந்தது. அழகிய நூல்களை விரும்புவோர் குழு ஒன்று, ‘வெண்கலக் குதிரைவீரன்’ நூலுக்குப் படங்கள் வேண்டுமெனப் பெனுவாவைக் கேட்டது. அவர் முப்பதுக்கும் மேற்பட்ட படங்கள் வரைந்தார். புஷ்கின் காலத்தில் மக்கள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படித்த சிறு மலர்களின் அளவிலேயே நூல் அமைய வேண்டும் என்பது அவர் திட்டம். கவிதை ஓடும் பக்கத்தோடு படமும் ஓட வேண்டும்; படிப்பவன் ஓரிடத்தில் நின்று படத்தை வியக்கலாகாது, கவிதையோடு சேர்த்துப் படத்தையும் படிக்க வேண்டும்.

செல்வமும் சேகரிப்பு ஆர்வமும் மிக்க அக்குழுவினருக்கு இது பிடிக்கவில்லை. மாற்றித் தருமாறு கேட்டனர். ஓவியர் இசையவில்லை. படங்கள் குழுவின் நூலாக வரவில்லை. 1904ஆம் ஆண்டில் ‘கலை உலகம்’ முதல் இதழில், கவிதையோடு சேர்த்துத் தியாகிலெவ் அவற்றை வெளியிட்டார். அரசன் தடுத்த கவிதைக்கு எழுதிய படங்களும் முதலில் ஏற்கப்படாமல் போயின என்பது வியப்புக்குரிய பொருத்தம்.

சிறியோனின் உருவம்

இப்படங்களின் சிறப்பு யாது? பெனுவாவின் கோடு மெல்லியது, தெளிவானது. அக்கோட்டின் மேல் ஓரிரு மங்கிய வண்ணங்கள் மட்டும் படிந்துள்ளன. பழைய மரச்செதுக்குப் படங்களைப் பார்ப்பது போன்ற உணர்வு எழும். அச்சகத்தார் ‘பிளாக்’ எடுப்பதற்கு ஏற்றவாறு, மையின் கருமையும் தாளின் வெண்மையும் முன்னரே கணக்கிடப்பட்டவை அவை.

முதலில் நகரத்தின் காட்சிகள். ஆற்றங்கரையும் அரண்மனையும் அமைதியாக, அகன்று, கிடைக்கோடாகப் பரந்து கிடக்கின்றன. நகரை நேசித்தவன் கை அங்கே தெரிகிறது. பின்னர் நீர் எழுகிறது. உறுதியாக நின்ற கிடைக்கோடுகள் அலையாக நெளிகின்றன. நீர் சூழ்ந்த சிங்கத்தின் மேல் யெவ்கேனி அமர்ந்திருக்கும் படம் கற்போர் மனத்தை விட்டு அகலாதது. அப்படத்தில் அவன் மிகச் சிறியவன். அவனைச் சூழ்ந்த நீர்ப்பரப்பின் அகலமே அவன் துயரத்தை அளந்து காட்டுகிறது. முகத்தில் கண்ணீர் தீட்டி இரக்கம் உண்டாக்கும் எளிய வழியை ஓவியர் மேற்கொள்ளவில்லை.

துரத்தும் காட்சியிலும் அவ்வாறே. நிலவொளியில் வெற்றுத் தெரு, ஓடுகின்ற சிற்றுருவம், பின்னால் பேருருவம். கவிதையில் குதிரைவீரன் உண்மையிலேயே வந்தானா, பித்தனின் மனம் கண்ட மயக்கமா என்பது சொல்லப்படவில்லை. சொல்லுக்கு அந்த உரிமை உண்டு. ஓவியத்துக்கு அது கடினம். படத்தில் வரைந்தால் வந்துவிட்டான் என்றே பொருள்படும். பெனுவா இவ்விடரை ஒளியால் தீர்த்தார். அந்த நிலவொளியில் கட்டடமும் நிழலும் சிலையும் ஒரே தன்மையாகத் தோன்றுகின்றன. எது திண்பொருள், எது தோற்றம் என்று பிரித்தறிய முடிவதில்லை. காண்பவனும் யெவ்கேனியின் கண்ணைக் கடன்வாங்கியே காண்கிறான்.

1905ஆம் ஆண்டு சனவரியில் பீட்டர்ஸ்பர்க்கில், விண்ணப்பம் ஏந்தி அரண்மனை நோக்கிச் சென்ற தொழிலாளர் மீது படையினர் சுட்டனர். அவ்வாண்டில் பெனுவா பிரான்சு நாட்டு வெர்சேயில் தங்கியிருந்து, இதே கவிதைக்குப் பெரிய அளவில் மீண்டும் படங்கள் எழுதினார். நூலின் முகப்புக்காக அவர் எழுதிய துரத்தல் காட்சி அப்போது உருவானதே. குதிரைவீரன் முன்னைவிட மலைபோல் வளர்ந்துவிட்டான். பேரரசனின் நகரத்தைப் போற்றி எழுதிய அதே கை, பேரரசின் குளம்படியில் சிக்கிய மனிதனையும் எழுதியது. இரண்டில் எதையும் அவர் மறைக்கவில்லை; புஷ்கினும் மறைக்கவில்லை.

1916ஆம் ஆண்டில் பெனுவா மீண்டும் அப்பணியை மேற்கொண்டார். முடிவில் 1923ஆம் ஆண்டில், பேரரசு வீழ்ந்து புரட்சி முடிந்தபின், பெத்ரோகிராத் என்று பெயர் மாறிய அந்நகரிலேயே, படங்களுடன் கூடிய முழுநூல் வெளிவந்தது. முதல் படம் எழுதிய நாளிலிருந்து இருபது ஆண்டுகள் கடந்திருந்தன. அடுத்த ஆண்டு, 1924 செப்டம்பர் 23ஆம் நாள், பெரும் வெள்ளம் மீண்டும் வந்தது. 1824க்குச் சரியாக நூறு ஆண்டு! அரசு மாறினாலும் ஆறு மாறவில்லை. 1926ஆம் ஆண்டில் பெனுவா நாட்டை விட்டுப் பிரான்சில் குடியேறினார். 1960ஆம் ஆண்டில் பாரிசில் மறைந்தார். நகரை வெள்ளத்திலிருந்து காக்கும் பெருந்தடுப்பு 2011ஆம் ஆண்டில்தான் முற்றுப்பெற்றது.

பிற ஓவியர் கண்ட வழிகள்

பெனுவாவின் வழி ஒன்றே வழி என்று கூறுவதற்கில்லை. லேர்மந்தவ் இயற்றிய ‘அசுரன்’ என்ற காவியத்துக்கு, அக்கவிஞர் மறைந்த ஐம்பதாம் ஆண்டையொட்டி 1891ஆம் ஆண்டில் வந்த தொகுப்பில், மிகாயில் விரூபெல் கருநிற நீர்வண்ணத்தில் படங்கள் எழுதினார். அவை கவிதையைத் தொடர்ந்து செல்லவில்லை. கவிதைக்கு எதிர்நின்று, வேறொரு கவிதையாகவே ஒலித்தன. இவான் பிலீபின், புஷ்கினின் ‘சல்தான் அரசன் கதை’ முதலிய கதைப்பாடல்களுக்குத் தடித்த புறக்கோடும் தட்டை வண்ணமும் கொண்டு, நாட்டுப்புறப் பூவேலைகள் சூழ்ந்த படங்கள் அளித்தார். சிறுவர் நூலுக்கு அவர் வகுத்த வழியைப் பின்வந்த ஓவியர் பலர் மேற்கொண்டனர். லெனின்கிராடு முற்றுகையின்போது 1942ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

விளாதிமிர் பவோர்ஸ்கி மரச்செதுக்கில் வல்லவர். மரத்தைக் குறுக்காக அறுத்த வெட்டுமுகத்தில் கூர் உளியால் கீறி, கருமையிலிருந்து ஒளியை அகழ்ந்தெடுப்பது அக்கலை. உளி சென்ற இடமெல்லாம் தாளில் வெண்மையாகும். திருத்தி எழுத முடியாது. ‘ஈகோர் படையெடுப்புப் பாட்டு’ என்ற பழங்காவியத்துக்கும், புஷ்கினின் ‘பரீஸ் கதுனோவ்’, ‘சிறு துன்பியல்கள்’ ஆகிய நாடகங்களுக்கும் அவர் செதுக்கிய படங்கள் புகழ்பெற்றவை. 1962ஆம் ஆண்டில் அவருக்கு லெனின் பரிசு கிடைத்தது. படத்தின் கருமையும் எழுத்தின் கருமையும் ஒரே மையில் ஒரே அழுத்தத்தில் பதிவதால், மரச்செதுக்கு நூலோடு பிறந்தது போலவே அமைந்துவிடும் என்பது அவர் படைப்புகள் புகட்டும் பாடம்.

மாஸ்கோவில் அச்சாகிய தமிழ் நூல்கள், 1951ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றிய நியூ செஞ்சுரி புத்தக நிலையம் போன்றவற்றின் வழியாகத் தமிழ் மக்களின் கைக்கு வந்தன. 1991ஆம் ஆண்டில் சோவியத் ஒன்றியம் கலையும் காலம் வரை தொடர்ந்த அந்நூல்வரவினால், மொழிபெயர்ப்பில் தடுமாறிய சிறுவரும் படத்தில் தடுமாறாமல் ருஷ்யப் பனியையும் காட்டையும் கண்டனர். நூலோவியத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை என்பதற்கு அதுவே சான்று.

தமிழ்க் காப்பிய மரபில் வைத்து நோக்கின்

நகரும் வெள்ளமும் அரசனும் எளியோனும் ஆகிய இந்நால்வகைப் பொருள் தமிழுக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை கூறுகிறது. இந்திரவிழா நிகழாமல் போனதே அதற்குக் காரணம் என்கிறது. அங்கே நகரின் அழிவுக்கு ஓர் அறக்காரணம் சொல்லப்படுகிறது. வையை பெருகியபோது வீட்டுக்கு ஓர் ஆள் கரை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டதையும், பிட்டு விற்ற வந்திக் கிழவியின் பங்குக்கு இறைவனே கூலியாளாக வந்ததையும் திருவிளையாடல் கூறும். கூலியாளின் முதுகில் விழுந்த பிரம்படி அரசன் முதுகிலும் எல்லா உயிர்களின் முதுகிலும் பட்டது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி அரசன்முன் தனியொருத்தியாக நின்று வழக்குரைக்கிறாள். தன் பிழையை உணர்ந்த பாண்டியன் அரியணையிலேயே உயிர் விடுகிறான்.

தமிழ்க் காப்பியத்தில் அரசன் காது கொடுத்துக் கேட்கிறான். கேட்டபின் அவனால் வாழ முடியவில்லை. புஷ்கின் கவிதையில் அரசன் வெண்கலமாகிவிட்டான். வெண்கலத்துக்குக் காது இல்லை. கண்ணகி கையில் சான்றாகச் சிலம்பு இருந்தது. யெவ்கேனியின் கையில் ஒன்றுமில்லை. அவன் இழந்த குடிலின் ஒரு பலகைகூட மிஞ்சவில்லை. அவனுக்காக வழக்குரைப்பவை கவிதையும், அதன் பின் வந்த ஓவியமுமே. பெனுவாவின் படங்கள் அவ்வகையில் ஒரு சிலம்பு எனலாம். உடைத்துக் காட்டினால் உள்ளே இருந்த உண்மை தெறித்து விழுகிறது.

இக்கருத்தை மறுப்போரும் உண்டு. பீட்டர் நகரம் அமைத்திராவிடின் ருஷ்யாவின் கல்வியும் கலையும் அவ்வாறு செழித்திருக்குமா என்று அவர் வினவுவர்; ஒரு குமாஸ்தாவின் துயரத்துக்காக வரலாற்றின் பெருஞ்செயலைப் பழித்தல் தகுமா என்பர். புஷ்கின் இவ்வினாவை எளிதாகத் தள்ளவில்லை. நகரத்தைப் போற்றும் பகுதியைக் கவிதையின் முதலில் வைத்தார். அது வஞ்சப்புகழ்ச்சி அன்று, உண்மைப் புகழ்ச்சியே. ஆயினும் புகழ்ச்சிக்குப்பின் கதையைத் தொடங்கினார். இறுதிச் சொல்லை யெவ்கேனியின் உடல் கிடந்த இடத்துக்கே ஒதுக்கினார். பெருஞ்செயலை மறுக்கவேண்டா, அதன் விலையை மறைக்கவும் வேண்டா என்பதே கவிதையின் நடுவுநிலை. பெனுவாவின் கோடு அந்நடுவுநிலையிலிருந்து பிறழவில்லை.

மலையிலும் நீர் வந்தது

கேமரன் மலையில் ரிங்லெட்டை அடுத்துள்ள நீர்த்தேக்கம், மின்னாக்கத் திட்டத்துக்காக 1960-களில் அமைந்தது. சுல்தான் அபு பக்கர் அணை என்பது அதன் அணையின் பெயர். 2013 அக்டோபர் 23ஆம் நாள் இரவில் பெருமழையால் நீர்மட்டம் உயர, அணையின் நீர் திறந்துவிடப்பட்டது. கீழேயுள்ள பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்றோடு புகுந்த வெள்ளம் வீடுகளை அழித்தது; உயிர்களையும் கொண்டுபோயிற்று. 2014 நவம்பரில் அப்பகுதியில் மீண்டும் வெள்ளமும் சேறும் வந்தன. ஆற்றங்கரைத் தாழ்நிலத்தில் யார் வாழ்வர் என்பதை நேவாக் கரையும் அறியும், பெர்த்தாம் கரையும் அறியும்.

இவ்விரு நிலங்களும் ஒன்றல்ல. ஒன்று பேரரசின் தலைநகர், மற்றொன்று தேயிலை மலை. இருப்பினும் ஓர் ஒப்புமை உண்டு. இரண்டும் மனிதர் நினைத்துச் செய்தவை. இரண்டையும் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது அழகு. சுற்றுலாவுக்கு வருவோர் எடுத்துச் செல்லும் படங்களில் பச்சைச் சரிவு இருக்கும், பனிமூட்டம் இருக்கும், கூடை சுமந்த உருவம் தொலைவில் ஒரு புள்ளியாக இருக்கும். பெனுவாவின் படத்திலும் யெவ்கேனி சிறியவன்தான். வேறுபாடு எங்கே? சுற்றுலாப் படத்தில் அப்புள்ளி காட்சிக்கு அணியாக நிற்கிறது. பெனுவாவின் படத்தில் காட்சி முழுவதும் அச்சிறியோனுக்காகவே நிற்கிறது. பெரிதாக வரைந்தால்தான் ஒருவனுக்குப் பெருமை வரும் என்பதில்லை. யாருடைய கண்ணால் காண்கிறோம் என்பதைப் பொறுத்தே பெருமை வருகிறது.

தோட்டப் பள்ளிகளில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இவ்வோவியங்கள் ஒரு கருவியாகும். செய்யுளைப் படித்தபின் மாணவரைப் படம் வரையச் சொல்வது பழைய வழக்கம். கண்ணகி வழக்குரைத்த காதையை வரையும் சிறுவன் அரசனை எங்கே அமர்த்துகிறான், கண்ணகியை எந்த அளவில் வரைகிறான், காண்போன் யார் பக்கம் நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிறான் என்பதைக் கேட்டறிந்தால், அவன் செய்யுளை எவ்வளவு உணர்ந்தான் என்பது உரையெழுதச் சொல்வதைவிடத் தெளிவாகப் புலப்படும். படம் எழுதுதலும் ஒருவகை உரையெழுதுதலே.

பீட்டரின் சிலை அதே சதுக்கத்தில் நிற்கிறது. அதைக் காண உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகின்றனர். யெவ்கேனிக்குக் கல்லறை இல்லை, குடிப்பெயர்கூட இல்லை. ஆனால் அச்சிலையைக் காண வருவோருள் புஷ்கினைப் படித்தவர் எவரும், பெனுவாவின் படத்தைக் கண்டவர் எவரும், குதிரையின் குளம்புக்குக் கீழே தெருவில் ஓடும் ஒரு சிற்றுருவத்தையும் சேர்த்தே காண்கின்றனர். போ, சுங்கை பாலாஸ், புளூ வேலித் தோட்டங்களின் சரிவுகளில் முதற்குழி வெட்டியவர்களுக்கு அத்தகைய கவிதையும் அத்தகைய கோடும் இன்னும் தேவைப்படுகின்றன. அவற்றை எழுதக்கூடிய கைகள் அம்மலைப் பள்ளிகளின் பலகைகளில்தான் இப்போது எழுத்துப் பழகிக்கொண்டிருக்கும்.